பரிசு அறிவித்தும் யோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: ராயபுரத்தில் கிளியரிங் அண்டு ஃபார்வர்டிங் ஆபீஸ் நடத்துகிறேன், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்து அனுப்பித் தரும் தொழில். மொத்தம் 22 பேர், முக்கால்வாசிப் பேர் இருபத்தேழு வயதுக்குள். வேலையில் புதிதாக ஏதாவது யோசியுங்கள் என்று சொல்லி, மாதத்தின் சிறந்த யோசனைக்கு 2,000 ரூபாயும் சான்றிதழும் அறிவித்தேன். ஜெயித்தவர் போட்டோவை வரவேற்பறையில் மாட்டுகிறோம். முதல் இரண்டு மாதம் பெட்டி நிரம்பியது, இப்போது காலி. தொகையைக் கூட்ட வேண்டுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தால் மூளையைப் போட்டு வேலை செய்வார்கள்?

பதில்:

தொகையைக் கூட்டாதீர்கள். இரண்டாயிரத்தை ஐந்தாயிரம் ஆக்கினால் அடுத்த மாதம் பெட்டியில் கொஞ்சம் சீட்டு விழும், அதற்கடுத்த மாதம் பழையபடி காலி. மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து நிறுவனங்களுக்கு ஆட்கள் விஷயத்தில் ஆலோசனை சொல்வதுதான் பல வருடமாக என் பிழைப்பு. யோசனைப் பெட்டியின் கதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். முதலில் வந்து விழுவது யோசனை இல்லை, மனக்குறை. ஏசி ஒழுகுகிறது, பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது, மதியம் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. அதெல்லாம் கொட்டித் தீர்ந்ததும் பெட்டி ஓய்ந்துவிடும். உங்கள் ஆட்களிடம் இரண்டு மாதத்துக்கான மனக்குறை இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பரிசைக் காட்டினால் ஆள் புதிதாக யோசிப்பாரா என்பது ஒன்று. இந்தத் தலைமுறைக்கு அது வேறு மாதிரி வேலை செய்யுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை அப்புறம் பார்ப்போம். அதில் ஊதிப் பெருக்கியதுதான் அதிகம்.

முதல் கேள்விக்கான ஒரு முக்கியமான சோதனை நம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலேயே நடந்திருக்கிறது. டான் ஏரியலியும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது, 2009-ல் வெளியானது. 87 பேரை உட்கார வைத்து ஆறு விளையாட்டுகள் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு நினைவாற்றல் வேண்டும், சிலவற்றுக்குக் கைத்திறன் வேண்டும், சிலவற்றுக்கு யோசிக்க வேண்டும். ஒரு விளையாட்டை நன்றாக ஆடினால் ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவுக்கு 40, மூன்றாவது குழுவுக்கு 400. ஆறிலும் ஜெயித்தால் மூன்றாவது குழுக்காரருக்கு 2,400 ரூபாய் கிடைக்கும். அன்றைக்கு அந்த ஊரில் ஒருவருடைய ஏறக்குறைய அரை வருடச் செலவு அது. நான்கு ரூபாய்க்காரர்களும் நாற்பது ரூபாய்க்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆடினார்கள். மோசமாக ஆடியது நானூறு ரூபாய்க்காரர்கள்தான். அவ்வளவு பணம் கண்ணெதிரே நின்றால் கவனம் விளையாட்டில் நிற்காது, பணத்தில் போய் நிற்கும்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குத்தூசி, தீப்பெட்டி. மெழுகு மேசையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். குத்தூசியைக் கொட்டிவிட்டு அந்தக் காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் விடை. பெட்டி என்பது குத்தூசி வைக்க மட்டும் இல்லை என்று ஒரு நொடி தோன்ற வேண்டும், அதுதான் அங்கே புதுமை. 1962-ல் சாம் கிளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் இதை இரண்டு குழுக்களிடம் கொடுத்தார். ஒரு குழுவிடம், வேகமாக முடிப்பவர்களுக்கு 5 டாலர், எல்லோரையும் முந்துபவருக்கு 20 டாலர் என்றார். இன்னொரு குழுவிடம் பணப்பேச்சே இல்லை. பணம் காட்டப்பட்டவர்கள் சராசரியாக மூன்றரை நிமிடம் போல அதிகம் எடுத்துக்கொண்டார்கள்.

பலர் இதை மேற்கோள் காட்டிவிட்டு, பணப்பரிசே கெடுதல் என்று முடித்துவிடுகிறார்கள். பாதிக் கதைதான் அது. அதே சோதனையில் குத்தூசிகளை முன்கூட்டியே பெட்டிக்கு வெளியே கொட்டி வைத்துக் கொடுத்தபோது, பணம் காட்டப்பட்டவர்கள்தான் வேகமாக முடித்தார்கள். வழி கண்ணுக்குத் தெரிந்த வேலையில் பணம் ஆளை ஓட வைக்கும். வழியையே தேட வேண்டிய வேலையில் அதே பணம் பார்வையைக் குறுக்கிவிடும். உங்கள் ஆபீஸில் இரண்டு விதமும் இருக்கிறது. ஷிப்பிங் பில்லை, அதாவது ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவத்தை, பிழையில்லாமல் நேரத்துக்கு முடிப்பதற்கு ஊக்கத்தொகை வையுங்கள், நன்றாக வேலை செய்யும். ஒரு பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) கண்டெய்னர் ஏன் மாதாமாதம் டிமரேஜில், அதாவது தாமதக் கட்டணத்தில், மாட்டுகிறது என்று யோசிப்பதற்கு அதே முறையை வைத்தால், ஆட்கள் கைக்கு எட்டுகிற சின்னப் பதிலைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நம் பகுதி கேரம் கிளப்புகளில் இதைத் தினமும் பார்க்கலாம். சும்மா ஆடும்போது ஒரு பையன் மூன்று பக்கக் கட்டையில் இடித்துக் காயைக் குழிக்குள் அனுப்பிப் பார்ப்பான், பாதி நேரம் தப்பாகப் போகும், சிரித்துக்கொள்வான். அதே பையன் ஆட்டத்துக்கு இருநூறு என்று காசு வைத்து உட்கார்ந்தால், குழி வாசலில் நிற்கிற காயைத் தவிர எதையும் தொடமாட்டான். ஆட்டம் மோசமாகிவிடாது, ஆனால் புது அடி ஒன்றும் பிறக்காது. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்தக் கோடி ஜெயித்த பிறகு வந்தது. பல வருடம் பலகை முன்னால் உட்கார வைத்தது அது இல்லை.

முன்னால் காட்டுகிற பரிசு வேறு, பின்னால் வருகிற பரிசு வேறு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே தரவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. தெரேசா அமாபைல் என்ற உளவியலாளர் 1985-ல் செய்தது இதைவிட விசித்திரம். கவிதை எழுதும் இளைஞர்களில் ஒரு பகுதியினரிடம் பணம், புகழ் போன்ற, எழுத்துக்கு வெளியே உள்ள காரணங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொன்னார். பணம் கொடுக்கவில்லை, பேச்சுதான். அதற்குப் பிறகு அவர்கள் எழுதிய கவிதையைக் கவிஞர்கள் படித்துப் பார்த்து, மற்றவர்கள் எழுதியதைவிடச் சுமார் என்று மதிப்பிட்டார்கள்.

சரி, அப்படியானால் பரிசையே எடுத்துவிடலாமா? வேண்டாம். ராபர்ட் ஐசன்பெர்கர் என்ற உளவியலாளர் பல வருடம் எதிர்த்தரப்பில் நின்று வாதாடினார். புதிதாக யோசி, அதற்குத்தான் பரிசு என்று தெளிவாகச் சொன்னால், பரிசு புதுமையைக் கூட்டவே செய்கிறது என்பது அவர் கட்சி. 2012-ல் கிறிஸ் பைரனும் ஷாலினி கசாஞ்சியும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வேலையை முடித்ததற்கோ பொதுவாக நன்றாகச் செய்ததற்கோ கொடுக்கிற பரிசு புதுமையைக் கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கக்கூடச் செய்கிறது. புதுமைக்கென்றே கொடுக்கிற பரிசு கூட்டுகிறது. அதோடு, எது நன்றாக இருந்தது என்று வேலையைப் பற்றி விவரமாகச் சொல்லி, எப்படிச் செய்வது என்பதில் ஆளுக்குக் கொஞ்சம் உரிமையும் கொடுத்திருந்தால் பலன் இன்னும் அதிகம். நீங்கள் ஒரு வரிதான் கையோடு எடுத்துப்போவீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பரிசை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "மாதத்தின் சிறந்த யோசனை." யார் தேர்ந்தெடுக்கிறார்? நீங்களும் மேனேஜருமாகத்தான் இருக்கும். எதை வைத்து? எழுதவில்லை. தோற்ற யோசனைக்கு என்ன பதில்? இல்லை. 22 பேரில் ஒருவருக்குப் போட்டோ, மற்ற 21 பேருக்கு மௌனம். இரண்டு மாதம் சீட்டுப் போட்டுப் பதில் வராத பெண் மூன்றாவது மாதம் ஏன் போடப்போகிறார்?

ஜெயித்தவருக்கும் அது சுகமில்லை. இளம்பிள்ளைகள் கூட்டமாக வேலை செய்யும் இடத்தில் ஒருவர் போட்டோவை மாட்டினால், டீ குடிக்கிற இடத்தில் "வாங்க ஸ்டார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிண்டல்தான், ஆனால் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. இன்னொரு கெடுதலும் இருக்கிறது. ஒருவருக்குத்தான் பரிசு என்றானதும், நான்கு பேர் பேசித் தேற்ற வேண்டிய யோசனையை ஒருவர் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அரைகுறையாகவே அது உங்கள் பெட்டிக்குள் விழுகிறது.

உங்கள் தொழிலிலேயே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆபீஸ் பெயர் வேண்டாம். தண்டையார்பேட்டைப் பெண், பி.காம். முடித்து இரண்டு வருடமாக டாக்குமெண்டேஷனில் இருந்தவர். ராத்திரி பதினொரு மணிக்கு டிரெய்லர் டிரைவர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்வார்கள்: "மேடம், இன்னொரு பேப்பர் கேக்குறாங்க." ஃபார்ம் 13 (கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான சீட்டு) இருக்கும், ஷிப்பிங் பில் நகல் வண்டிக்குள் எங்கேயோ இருக்கும், எடைச்சீட்டை கிளீனர் எங்கேயோ வைத்திருப்பார். பல டிரைவர்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது, சிலர் பீகார், ஜார்க்கண்ட்காரர்கள், தமிழும் வராது. இந்தப் பெண் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு காகிதத்தையும் போட்டோ எடுத்து, அது எந்த இடத்தில் யாரிடம் காட்ட வேண்டியது என்று படமாகவே வரிசைப்படுத்தி, ஒரே தாளில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ராத்திரி போன் குறைந்துவிட்டது.

முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். எல்லோரையும் கூட்டிக் கைதட்ட வைத்து, ஒரு துணிக்கடை கிஃப்ட் வவுச்சர் கொடுத்தார். தப்பில்லை. அடுத்த வாரம் அந்தத் தாளை கம்பெனி லெட்டர்ஹெட்டில் போட்டு, மேனேஜர் பெயரில் பார்ட்டிகள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும் என்று மேனேஜரே மாற்றினார். அந்தப் பெண்ணிடம் பேசியபோது வவுச்சரைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு சார், அம்மாவுக்குப் புடவை எடுத்தேன். ஆனா கேட்ல அந்தத் தாளைக் காட்டி வண்டி உள்ள போறத நான் ஒரு தடவைகூடப் பாக்கலை. மாத்தும்போதும் என்னைக் கேக்கலை" என்றார். அவ்வளவுதான் அவர் குறை. கொஞ்ச நாளில் வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அவருக்கு அந்த முதலாளி கொடுத்திருக்க வேண்டியது என்ன? ஒருநாள் பைக் பெட்ரோலுக்குக் காசு கொடுத்து துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு அனுப்பி, டிரைவர்களோடு பேசிவிட்டு வா, இரண்டாவது தாளை நீயே திருத்து என்று சொல்லியிருந்தால் போதும். தாளின் அடியில் சின்ன எழுத்தில் அவர் பெயர். செலவு வவுச்சரைவிடக் குறைவு. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மனிதரை உள்ளிருந்து இயக்குவதாகச் சொல்லும் மூன்றும் இதற்குள்ளேயே இருக்கின்றன: என் இஷ்டப்படி செய்கிறேன், எனக்குத் திறமை கூடுகிறது, நான் இவர்களில் ஒருவர். அமாபைலும் ஸ்டீவன் கிராமரும் 238 ஊழியர்களைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்து, ஏறக்குறைய 12,000 பதிவுகளைப் படித்து, 2011-ல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கம்தான். வேலை ஒரு அடி முன்னேறியது என்று கண்ணால் பார்த்த நாள்தான் ஆட்கள் உற்சாகமாக இருந்த நாள்.

இன்னொன்று, இது வடசென்னைக்கே உரியது. உங்கள் பரிசை போனஸோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். பலர் தீபாவளி நேரத்தில் "நல்ல யோசனை சொன்னவர்களுக்குக் கூடுதல் போனஸ்" என்று அறிவிக்கிறார்கள். இந்த ஊரில் போனஸ் என்பது முதலாளி மனம் குளிர்ந்து கொடுப்பது இல்லை, போராடி வாங்கியது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து வாடியாவும் திரு.வி.க.வும் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். உங்கள் ஆபீஸ் பிள்ளைகளில் யாருடைய தாத்தாவாவது மில்லிலோ, எண்ணூர் தொழிற்சாலைகளிலோ வேலை பார்த்திருப்பார். போனஸ் சட்டம் 1965-ல் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் தரவேண்டும் என்பது அதிலிருந்து வந்த வழக்கம். உங்களிடம் 22 பேர். அந்தப் பணத்தை எடுத்து அதன்மேல் "புதுமைப் பரிசு" என்று சீட்டு ஒட்டினால், அந்தப் பிள்ளைகள் வெளியே சொல்லமாட்டார்கள், உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சம்பளம், போனஸ், ஓவர்டைம், பி.எஃப். எல்லாம் நேராக இருக்கிற இடத்தில்தான் பரிசு பரிசாகத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு யோசனைக்கு ரெண்டாயிரம் என்பது எனக்கே கோபம் வருகிற விஷயம்.

பரிசைவிட முக்கியமானது, புதிதாகச் செய்தவருக்குத் தண்டனை விழாமல் இருப்பது. பெரம்பூர் ஐ.சி.எஃப். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம். எஞ்சின் தனியாக இல்லாமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் உள்ள, 16 பெட்டி கொண்ட டிரெயின் 18-ஐ சுதான்ஷு மணி பொது மேலாளராக இருந்தபோது பதினெட்டே மாதத்தில் வடிவமைத்து, 2018-ல் வெளியே கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் அதுதான் வந்தே பாரத் என்ற பெயரில் ஓடியது. அந்தச் சாதனைக்குப் பின்னால் அதில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் சிலர் விஜிலென்ஸ் விசாரணைக்கு ஆளானார்கள், பிறகு குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். அரசாங்கத்தில் விசாரணை நடப்பது சகஜம், அதன் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. பக்கத்து மேசைக்காரர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார் என்று மட்டும் யோசியுங்கள். பழைய மாதிரியே செய்திருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள்.

உங்கள் ஆபீஸிலும் சின்ன அளவில் இது நடக்கும். ஒரு பையன் பார்ட்டிக்கு அனுப்பும் தினசரி நிலவரத்தை புது மாதிரி போட்டுப் பார்க்கிறான், ஒரு கண்டெய்னர் எண் தவறிப் போகிறது. எல்லோர் முன்னாலும் "உன்னை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், உங்கள் 2,000 ரூபாய் அன்றோடு செத்தது. அடுத்த ஒரு வருடம் யாரும் எதையும் மாற்றமாட்டார்கள்.

இப்போது தலைமுறைக் கேள்வி. 1997-க்குப் பிறகு பிறந்தவர்களை ஜென் ஸீ என்று ஒரு தனி ஜாதி போலப் பேசுகிறார்கள். பணம் வேண்டாம் அர்த்தம் வேண்டும், மேஜைப் பந்து வேண்டும், வாராவாரம் பாராட்டு வேண்டும் என்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று போன்றவற்றில் தலைமுறைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் மிகச் சின்னது, பல இடங்களில் இல்லவே இல்லை என்று கோஸ்டன்சா என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2012-ல் தொகுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2020-ல், ஆட்களை நிர்வகிக்கத் தலைமுறைப் பெயர்களை நம்பாதீர்கள் என்றே அறிக்கை கொடுத்தன. இருபத்துமூன்று வயதில் நீங்களும் உங்கள் முதலாளியைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

மாறியிருப்பது அவர்கள் நிற்கிற இடம். உங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதியில் பைக் இ.எம்.ஐ. சிலர் கல்லூரியின் நடுப்பகுதியைக் கொரோனாவில் போன் திரையில் முடித்தவர்கள். ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொடுப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. கூடப் படித்தவன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் கிண்டி ஒரே ரயில். ராயபுரத்தை விட்டால் வேறு வேலை இல்லை என்கிற நிலை அவர்கள் அப்பாவுக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. அதனால் அவர்கள் மனதுக்குள் ஓடுகிற கணக்கு, இங்கே இருந்தால் நான் என்ன கற்றுக்கொண்டு வெளியே போவேன் என்பது. துரோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், புத்திசாலித்தனம்தான் அது. இந்தக் கணக்கில் சேருகிற பரிசைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். வரவேற்பறைப் போட்டோ அந்தக் கணக்கில் சேராது.

அப்போது உங்கள் ஆபீஸில் என்ன செய்யலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பெட்டியை எடுத்துவிடுவேன். "ஏதாவது புதிதாகச் சொல்லுங்கள்" என்ற அறிவிப்பையும் எடுத்துவிடுவேன், அது யாருக்கும் பிடி கொடுக்காத கேள்வி. பதிலாக ஒரு உண்மையான தலைவலியை மேசைமேல் வைப்பேன்: "இந்த மூன்று பார்ட்டிக்கு மாதாமாதம் டிமரேஜ் விழுகிறது, ஏன், என்ன செய்து பார்க்கலாம்?" கணக்குப் புத்தகத்தையும் காட்டுங்கள், எவ்வளவு நஷ்டம் என்று தெரியட்டும். இதுவரை செய்யாத வழியாக இருக்க வேண்டும், அதுதான் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரட்டும். நான்கு வாரம் செய்து பார்க்க அனுமதியும், வாரத்தில் ஒரு பாதி நாளும் கொடுங்கள். நேரம் என்பது ரொக்கத்தைவிடப் பெரிய பரிசு. அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம் 1948 வாக்கிலேயே ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தங்கள் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்று விட்டது, ஒட்டி எடுக்கிற மஞ்சள் சீட்டு அங்கேதான் பிறந்தது. உங்களால் 15 சதவீதம் முடியாது, கப்பல் காத்திருக்காது. பாதி நாள் முடியும்.

சொன்ன யோசனை எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும், முடியாது என்றால் ஏன் முடியாது என்பதோடு. இதை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். "சூப்பர்பா" என்று தட்டிக்கொடுப்பது பதில் இல்லை. "டிரைவருக்குப் படமாகக் கொடுத்தது நல்ல யோசனை, ஹிந்திக்காரரும் புரிந்துகொண்டார், எடைச்சீட்டு மட்டும் இரண்டாவதாக வரணும்" என்றால் அது பதில். பாராட்டு எதைப் பற்றி என்று தெரிந்தால்தான் அடுத்ததை யோசிக்க முடியும்.

ரொக்கம் கொடுங்கள், ஆனால் சின்னதாக, செய்து பார்த்த எல்லோருக்கும், முயற்சி முடிந்த பிறகு. முயற்சி தோற்றிருந்தாலும் கொடுங்கள். டொயோட்டா 1951 முதல் ஊழியர் யோசனைத் திட்டத்தை நடத்துகிறது. அங்கே ஒரு யோசனைக்குப் பெரும்பாலும் கிடைப்பது சின்னத் தொகைதான், ஆனால் யோசனை நடைமுறைக்கு வருகிறது. உங்கள் 2,000 ரூபாயை நான்காகப் பிரித்தால் நான்கு பேருக்கு 500. ஐநூறு ரூபாய்க்காக யாரும் ஆபீஸுக்குள் சண்டை போடமாட்டார்கள், பிரியாணி வாங்கிச் சேர்ந்து சாப்பிடுவார்கள். யோசனை உண்மையிலேயே லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தினால் கதை வேறு. அப்போது ஐநூறு கொடுத்தால் அது ஏமாற்று வேலை. அந்த வருடச் சம்பள உயர்வில் அதைக் காட்டுங்கள், எதற்காக என்று எழுதியும் கொடுங்கள்.

எல்லோரையும் மேடையேற்றாதீர்கள். சில பிள்ளைகளுக்கு எல்லோர் முன்னாலும் பாராட்டு வேண்டும், சிலருக்குத் தனியாகச் சொன்னால் போதும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு பெண் யோசித்ததைப் பார்ட்டியிடம் விளக்க அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்காரர் எதிரில் உட்கார்ந்து அவர் பத்து நிமிடம் பேசட்டும், நடுவில் குறுக்கே விழாதீர்கள். முதலாளிகளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

கடைசியாக, வீட்டிலிருந்து வேலை, ஓய்வு நாள், படிப்புச் செலவு, இவற்றில் எதைப் பரிசாகக் கொடுப்பது என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். ஓய்வு நாள் நல்லது, ஆனால் எல்லோருக்கும் உரியதை ஒருவருக்குப் பரிசாக்காதீர்கள். வீட்டிலிருந்து வேலை உங்கள் தொழிலில் பாதிப் பேருக்குச் சாத்தியமில்லை, கேட்டுக்கு ஓடுகிறவர்கள் வயிறெரிவார்கள். என் ஓட்டு படிப்புக்குத்தான், அதுவும் எம்.பி.ஏ.வுக்கு இல்லை. உங்கள் ஆட்களில் எத்தனை பேர் இன்னும் எச் கார்டிலேயே (கஸ்டம்ஸ் தேர்வு எழுதித் தேறாத ஊழியருக்கான அட்டை) இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கஸ்டம்ஸ் நடத்தும் தேர்வை எழுதி ஜி கார்டு வாங்கினால் அவர்கள் சந்தை மதிப்பே வேறு. நல்ல முயற்சி எடுத்த பிள்ளையிடம், "ஜி கார்டுக்குப் படி, புத்தகச் செலவு என்னுடையது, தேர்வுக்கு முந்தின வாரம் நாலு மணிக்கே கிளம்பு" என்று சொல்லிப் பாருங்கள். வாங்கிய கையோடு வேறு ஆபீஸுக்குப் போய்விடுவானே என்று பயப்படுவீர்கள். சிலர் போவார்கள். கார்டு இல்லாமலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள். போகும்வரை, கஸ்டம்ஸ் சட்டம் தெரிந்த ஒருவர் உங்கள் டிமரேஜ் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.